கீழ் வரியிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தான் பிறந்து வளர்ந்து முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்த மதுரையில், "நமக்குக் கோயம்புத்தூருங்க" என்று கூசாமல் பொய் சொன்னார் மகாலிங்கம். சொல்லி முடித்த பிறகுதான் கூசியது. ரெஜினா டீச்சர் அதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். பதினொரு பேர். வார நாட்களில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிறானால் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு பாண்டியரும் நாயக்கரும் ஆண்ட இந்தப் பழைய தலைநகரத்தை நடத்தியே சுற்றிக்காட்டுவதும் டீச்சரின் வழக்கம். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம். கொல்லத் தெருவில் பிறந்தவன் ஊசி வாங்க வரிசையில் நின்ற கதையாக மகாலிங்கமும் அந்தக் கூட்டத்தில் நின்றார். இடது மணிக்கட்டில் ஏழு ரப்பர் பேண்டு, கடிதக் கட்டுக்குப் போடுவாரே, அதேதான். எதற்கென்று யாராவது கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். டீச்சர் வாயைத் திறக்கும் முன்னே, அடுத்த திருப்பம் எது, அங்கே என்ன இருக்கிறது என்று மனசுக்குள் சரியாகச் சொல்லிவிட்டால் ஒரு பேண்டு வலது கைக்கு மாறும். ஏழும் மாறிவிட்டால் மூளைக்குக் கேடு ஒன்றும் இல்லை. புதன்கிழமை திருச்சியிலிருந்து தன்னைக் கூட்டிப்போக வரும் மகள் மீனலோசனியிடம், நான் எங்கிட்டும் வரலை தாயி, நீ சாப்பிட்டுட்டு பஸ் ஏறு என்று சொல்லிவிடலாம். ஏழில் ஒன்று இடது கையிலேயே தங்கினாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவரும் அவருமாகப் பேசி முடித்த ஒப்பந்தம் இது.

எல்லாம் அந்த விளாங்குடி பஸ் ஸ்டாப்பால் வந்த வினை. போன மாதம் ஒரு சாயங்காலம், மணி ஐந்தரைகூட இருக்காது, பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி விளாங்குடியில் இறங்கினார். இறங்கியவருக்கு முன்னால் மூன்று தெரு இருந்தது. மூன்றும் தெருதான். எட்டு வருஷமாகக் குடியிருக்கிற ஊர்தான். ஆனால் மூன்றில் எது தன்னுடையது என்று கேட்டால் உள்ளே போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கையில் அரைக் கிலோ கத்தரிக்காய். யாரிடம் போய் என்னவென்று கேட்பது? ஊர் பூராவும் 'இந்த விலாசம் எங்கண்ணே இருக்கு' என்று கேட்டு வந்த ஆளுக்கெல்லாம் வழி சொன்ன வாய், தன் விலாசத்தைக் கேட்குமா? கேட்கவில்லை. நின்றார். இருட்டத் தொடங்கும்போது தெருமுனை இஸ்திரிக்காரர்தான், என்ன சார் யாருக்குக் காத்திருக்கீங்க என்று பேச்சுக் கொடுத்தபடியே, ஒன்றுமே தெரியாத மாதிரி வீடு வரைக்கும் கூட நடந்து வந்தார். மனுஷன் தங்கம். ஆனால் அந்தத் தங்கம் மறுநாளே மீனலோசனிக்குப் போன் போட்டுவிட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. 'அப்பா, இங்க வந்துருங்க' என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மா பவளம் போனபோதும் அதையேதான் சொன்னாள். அப்போது வேண்டாம் என்று சொல்ல இவருக்குத் தெம்பு இருந்தது. இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தரிக்காயைப் பார்த்தபடி இருந்தார். மதுரையைச் சுத்துன கழுதையும் மதுரையை விட்டுப் போகாது என்பார்கள். கழுதைக்குக்கூட ஞாபகசக்தி இருக்கிறது.

டீச்சர் நடந்தார், கூட்டம் நடந்தது. நவபத்கானா தெரு, அப்புறம் அந்தச் சந்து, சந்துக்குள் பத்துத்தூண். முந்திச் சொன்னார் மகாலிங்கம், மனசுக்குள். சொன்னபடியே சேலைக் கடைகளுக்கு நடுவில் பத்துக் கருங்கல் தூண்கள் எழுந்து நின்றன, மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல். நாயக்கர் அரண்மனை போய்விட்டது, தூண் நிற்கிறது என்றார் டீச்சர். ஒரு பேண்டு மாறியது. கழுத்தில் கேமரா போட்ட ஒருவர் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மகாலிங்கம் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தார். காலை நேரத்துக் கல் குளிர்ந்து கிடந்தது. இந்தத் தூணில்தான் சைக்கிளைச் சாத்துவார். சாத்திவிட்டு அடுத்த சந்துக்கான கட்டைப் பிரித்து ஒருதரம் கண்ணை ஓட்டுவார். தபால்காரன் விலாசத்தை மேலிருந்து படிக்கிற ஆளில்லை. முதலில் அடி வரி, பின்கோடு. அப்புறம் ஊர், அப்புறம் தெரு, அப்புறம் கதவு எண். பேர் கடைசி. பேருக்கு என்ன அவசரம், வீடு வந்தால் பேர் தானாக வரும். படித்துப் படித்து எழுதுவதும் அப்படியே ஆகிவிட்டது. பேங்க் சலானில்கூட அடியிலிருந்து மேலே எழுதுவார். மீனலோசனி நாலாவது படிக்கும்போது பரீட்சையில் லீவ் லெட்டரை இவரைப் பார்த்து அப்படியே அடியிலிருந்து எழுத, தாள் தலைகீழாக இருக்கிறதா என்று வாத்தியாரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பவளம் சிரித்த சிரிப்பு இந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பதினொண்ணு என்று எண்ணி முடித்துவிட்டு டீச்சர் நடந்தார்.

கீழமாசி வீதி. சொன்னேன்ல. இரண்டாவது பேண்டு. ஞாயிறு என்பதால் பலசரக்கு மண்டிகளுக்கெல்லாம் பூட்டு, ஆனால் வாசனைக்கு ஏது பூட்டு, மிளகாய் வற்றலும் பெருங்காயமும் ஷட்டருக்கு அடியில் கசிந்து மூக்கைத் தேடி வந்தன. தும்மினார். தும்மலோடு ஒரு ஐப்பசி மாதம் வந்தது, மழை, காக்கிச் சட்டை, கடிதம் நனையாமல் இருக்க வயிற்றோடு அணைத்துக்கொண்ட பை. மதுரை ஆறு இரண்டு ஐந்து பூஜ்யம் பூஜ்யம் ஒன்று. அந்த எண்ணைப் பவளத்தின் பெயரைச் சொன்னதைவிட அதிகம் தரம் சொல்லியிருப்பார். ஒரு நாலு மாடிக் கடைக்கு முன்னால் டீச்சர் நின்றார். இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் இங்கே ஒரு சந்து இருந்தது, குடைக்காரச் சந்து என்று பேர், குடை ரிப்பேர் பார்க்கிறவர்கள் இருந்தார்களாம், இப்போது சந்தே இல்லை என்றார். எல்லாரும் இல்லாத சந்தை மரியாதையாகப் பார்த்தார்கள். மகாலிங்கம் பார்க்கவில்லை. அந்தச் சந்தில் பன்னிரண்டாம் நம்பர் அவர் வீடு. அங்கேதான் பிறந்தார், அங்கேதான் பவளத்தைக் கூட்டிவந்தார், எட்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் விற்றபோது அங்கேயிருந்துதான் விளாங்குடிக்குச் சாமான் ஏறியது. சந்து இருந்த இடத்தை இவரும் முந்திச் சொல்லிவிட்டார், இடிந்ததும் இவருக்குத் தெரியும், ஆகையால் நியாயப்படி மூன்றாவது பேண்டும் மாற வேண்டும். மாற்றினார். விரல் ஏனோ நடுங்கியது.

நடுங்குகிற விரல் என்றால் அருணகிரி வாத்தியார். அவர் ஏன் இப்போது வருகிறார்? வேண்டாம், போங்க வாத்தியாரே, நான் பரீட்சையில் இருக்கிறேன். போகவில்லை. மாரட் வீதியில் மகன் வீட்டு மாடி அறையில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பெஞ்சாதி போனபின் மகனோடு வந்தவர். கடிதமெல்லாம் மகன் பேர் போட்டு 'மே/பா' என்று வரும். மேற்பார்வை. இன்னாருடைய பார்வையில் இருக்கிற ஆள் என்று அர்த்தம். வேலை தேடி வந்த இளவட்டங்களுக்கு அப்படி வரும், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வரும், அவர்களுக்கெல்லாம் அது ஒரு பொருட்டே இல்லை. வாத்தியாருக்கு அது பொறுக்காது. கடிதத்தை வாங்கியதும் பிரிக்க மாட்டார். மகாலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, மே/பாவையும் மகன் பேரையும் நடுங்கும் விரலால் ஒரே கோடாக அடிப்பார். அடித்துவிட்டுப் பேனாவைப் பையிலேயே செருகிவிட்டு, 'இப்ப சரியா இருக்கு' என்பார். ஒவ்வொரு கடிதத்துக்கும் இதேதான். தபால் ஆபீசில் போய் இதை நடித்துக் காட்டிச் சிரித்த பாவி நான்தான் என்று நினைத்தார் மகாலிங்கம். சிரித்துக்கொண்டே அன்றைக்கு ஒரு சபதமும் எடுத்தார், என் பேருக்குக் கீழே ஒருநாளும் மே/பா வராது என்று. முப்பது வயசில் எடுக்கிற சபதத்துக்கு என்ன செலவு.

தேர் நிற்கும் தேர்முட்டி, நாலாவது பேண்டு. அம்மன் சன்னதித் தெருவுக்குத் திரும்புவோம், ஐந்தாவது. டீச்சர் நல்லாத்தான் சொன்னார். ஊரே தாமரைப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது, நடுவில் கோயில், சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாசத்தின் பேரில் வீதி. ஆனால் சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். மாசியில் நடந்த விழாவை ஒரு ராஜா சித்திரைக்கு மாற்றினார், தேர் தன் பழைய வீதியை விடவில்லை என்றார். கேமராக்காரர் ஆச்சரியப்பட்டார். மகாலிங்கத்துக்கு இது தெரிந்த கதைதான், இருந்தும் இன்றைக்குக் கேட்கும்போது தலைக்குள் வீதிகள் மெள்ளச் சுற்ற ஆரம்பித்தன. மாசம் ஒன்று, நடக்கிற வீதி வேறொன்று. இப்போது என்ன மாசம்? கார்த்திகையா? இல்லை, கார்த்திகைக்கு இவ்வளவு வெயில் ஏது. பங்குனியா? மாசம் கிடக்கட்டும், பேண்டு மாசத்துக்கு இல்லை, வழிக்குத்தான். அதோ, அந்த நீலக் கதவு. அந்த வீட்டு அம்மா, துபாயிலிருந்து வரும் மகன் கடிதத்துக்காகப் பதினொரு மணிக்கே வாசலில் நிற்கும், கடிதம் இல்லாத நாளிலும் மோர் கொடுக்கும். மோர் ஞாபகம் இருக்கிறது. கறிவேப்பிலை மிதந்தது ஞாபகம் இருக்கிறது. சொம்பில் ஒரு நசுங்கல் இருக்கும், அதுகூட. பேர் என்ன? 'க'வில் ஆரம்பிக்கும். கமலமா? இல்லை. கனகமா? இல்லை. வாசல் வரை வந்து பேர் உள்ளே வர மாட்டேன் என்கிறது. மூன்று தெரு முன்னால் நின்ற அந்தச் சாயங்காலம் முதுகுப்பக்கமாக வந்து தோளைத் தொட்டது. பயமாக இருந்தது, அறுபத்தொன்பது வயசில் தாயைத் தொலைத்த பிள்ளையின் பயம். பேர் கணக்கில் இல்லை, பேர் கணக்கில் இல்லை என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். நின்றவர் நின்றபடி இருக்க, கூட்டம் பத்தடி முன்னால் போய்விட்டது. டீச்சர் எண்ணினார். பத்து. திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். மகாலிங்கம் போய்ச் சேர்ந்துகொண்டார், பதினொண்ணு.

விட்டவாசல் வந்தது. பாண்டியன் கோட்டையை இடித்தபோது இந்த ஒரு வாசலை மட்டும் விட்டார்களாம், கோட்டை இல்லாத வாசல், இந்தப் பக்கமும் தெரு, அந்தப் பக்கமும் தெரு. ஆறு. உள்ளே நுழையும்போது கல் கூரையின் நிழல் ஈரத் துண்டு மாதிரி தலையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் கால்கள் சொல்கின்றன: இங்கே ஒரு பள்ளம், தாண்டு, அங்கிட்டு ஒரு கருப்பு நாய், அதன் கொள்ளுப்பேரனாவது இருக்கும், நிமிர்ந்தால் முடியாமல் நின்றுபோன ராயகோபுரம், அதற்கு முன்னால் எழுகடல் தெரு. ஏழு கடலையும் ஒரு தெருவுக்குள் கொண்டுவந்து விட்டார்கள் பார் என்று பவளம் சொல்வாள், கல்யாணமான புதுசில், வளையல் வாங்க வந்த அன்றைக்கு. கண்ணைத் திறந்தார். டீச்சர் கையை நீட்டி, "இதுதான் எழுகடல் தெரு" என்றார். ஏழு! கடைசி பேண்டு வலது கைக்குப் போனபோது மகாலிங்கத்துக்குத் தோளில் ரெக்கை கட்டின மாதிரி இருந்தது. இடது மணிக்கட்டு வெறுமையாக, வெள்ளைக் கோடுகளோடு இருந்தது. வாடி மீனலோசனி, வா, புதன்கிழமை வா, உனக்கு அயிரை மீன் குழம்பு வைத்துப் போட்டு அனுப்புகிறேன். ஊரைச் சுற்றிக்காட்டுகிற ஆளுக்கு முன்னால் போகிறேன் நான், எனக்கா மறதி?

ராயகோபுரத்துக்குக் கீழே தள்ளுவண்டியில் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார் டீச்சர். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் சூடாக இறங்கின. அதற்கப்புறம் டீச்சர் பைக்குள்ளிருந்து ஆளுக்கொரு அஞ்சலட்டையை எடுத்து நீட்டினார். எங்க நடையில் இது ஒரு பழக்கம், உங்களுக்கு நீங்களே ஒரு வரி எழுதி, உங்கள் விலாசத்தையும் எழுதிக் கொடுங்கள், நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுகிறேன், நீங்கள் ஊருக்குப் போன பிறகு மதுரை உங்களைத் தேடி வரும் என்றார். புதுசாகக் கல்யாணமான பெண், விலாசத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று புருஷனைக் கேட்டாள். ஐயோ, காலமே என்று சிரித்துக்கொண்டார் மகாலிங்கம். அட்டையை இடது உள்ளங்கையில் வைத்தார். வழுவழுப்பும் சொரசொரப்புமாக அதன் கனம் அவருக்குத் தெரிந்த கனம். யோசிக்கவே இல்லை. கை அடிவரிக்குப் போனது. ஆறு, இரண்டு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. கட்டம் தாண்டாத அழகான எண்கள். அதன்மேல் மதுரை. அதன்மேல் கீழமாசி வீதி. அதன்மேல் குடைக்காரச் சந்து. அதன்மேல் 12. ஆற்றில் மீன் போகிற மாதிரி வரிவரியாக மேலே போய், தலையில் பேர் எழுத இடம் விட்டு, மை உலர ஒருதரம் ஊதிவிட்டு, நிமிர்ந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அட்டைகளை வாங்குவதற்காக.

டீச்சர் அட்டையைப் படித்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்காத குரலில், "ஐயா, இந்தச் சந்து இப்ப இல்லைங்களே. வரும்போது பார்த்தோமே" என்றார்.

பார்த்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு ஒரு பேண்டு வேறு மாற்றியாகிவிட்டது. மகாலிங்கம் அட்டையைப் பார்த்தார். தன் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை, முப்பத்தோரு வருஷமாக ஆயிரம் ஆயிரமாகப் பார்த்த விலாசங்களில் ஒன்று மாதிரி அச்சாக இருந்தது, போய்ச் சேர இடம் இல்லை என்பதைத் தவிர. சரி, தப்பு, அடித்துவிட்டுச் சரியானதை எழுதுவோம். விளாங்குடி. ஆறு இரண்டு ஐந்து பூஜ்யம் ஒன்று எட்டு. ஆ, வந்துவிட்டது. அதன்மேல்? அதன்மேல் தெரு. மூன்று தெரு முன்னால் நிற்கின்றன. மூன்றும் தெருதான். இஸ்திரி வண்டி நிற்கிறது, கரி வாசனை வருகிறது, வாசலில் வேப்பமரம் நிற்கிறது, பேர்ப்பலகை இருக்கிறது, பலகையில் எழுத்து இல்லை. பேனா அட்டைக்கு மேலே நின்றது. வியர்த்தது. ஏழு பேண்டையும் வலது கையில் போட்டுக்கொண்டு, தன் தெருவின் பேர் தெரியாமல் நின்றார் போஸ்ட்மேன் மகாலிங்கம்.

"கோயம்புத்தூர் இல்லம்மா நானு. முப்பத்தோரு வருஷம் இங்கதான் தபால் கொடுத்தேன்" என்றார். குட்டு வெளிப்பட்டதில் வெட்கம் வரும் என்று பார்த்தார், வரவில்லை, பாரம் இறக்கிய மாதிரிதான் இருந்தது.

"தெரியுங்க ஐயா. ஒவ்வொரு முக்குலயும் நான் திரும்புறதுக்கு முன்னாடி நீங்க திரும்புனீங்க" என்றார் டீச்சர். இன்னொரு அட்டையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுக் கேமராக்காரர் பக்கம் போனார்.

பூட்டிக் கிடந்த வளையல் கடை ஓரமாக நகர்ந்து மகாலிங்கம் போனை எடுத்தார். என் தெருவின் பேர் என்ன என்று கேட்கத்தான் எடுத்தார். கேட்டால் சொல்லுவாள். எழுதலாம். புதன்கிழமையும் ஒருவேளை சமாளிக்கலாம். ஆனால் அதற்கு மறுநாளும் அதே பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், அதே மூன்று தெரு முன்னால் நிற்கும், ஒவ்வொரு சாயங்காலமும் இஸ்திரிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வருவாரா? மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், தூங்காமல் இருந்தவள் மாதிரி. என்னப்பா, என்ன ஆச்சு என்றாள். அந்தக் குரலில் ஒரு கிழவியின் கவலை இருந்தது. என் பிள்ளைக்கு எப்போது இவ்வளவு வயசானது என்று அவருக்கு நெஞ்சு கரைந்தது.

"ஒண்ணுமில்லம்மா. உன் விலாசத்தைச் சொல்லு. எழுதணும்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கீழேருந்துதானப்பா?" என்றாள்.

"கீழேருந்துதான்."

ஆறு, இரண்டு, பூஜ்யம் என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, ஷட்டரில் அட்டையை அண்டக் கொடுத்து எழுதினார். பூஜ்யம், இரண்டு, ஒன்று. திருச்சி. கே.கே. நகர். மூன்றாவது குறுக்குத் தெரு. 27. அடுத்து அவள் பேர். மீனலோசனி என்று எழுதிவிட்டு, அதற்கு முன்னால் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். கண்ணீர் பார்வையை மறைத்தது. வாத்தியாரே, மன்னிச்சுக்குங்க, அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. மே, சாய்ந்த கோடு, பா. யாரும் அடித்துவிட முடியாதபடி அழுத்தி எழுதினார். மிச்சம் இருந்தது தலைவரி ஒன்றுதான். அதில் சுந்தரமகாலிங்கம் என்று முழுப்பேரையும் எழுதினார், ஒரு எழுத்து தடுக்கவில்லை. புதன்கிழமை காலை வண்டிக்கு வர்றியாம்மா என்று கேட்டார். வர்றேன்ப்பா என்றாள். அயிரை மீன் வாங்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

டீச்சரிடம் பத்து அட்டை சேர்ந்திருந்தது. உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லையே ஐயா என்று ஞாபகப்படுத்தினார். மகாலிங்கம் அட்டையைத் திருப்பினார். போய்ச் சேருகிற அன்றைக்கு அங்கே இதை வாங்கப்போகிற மகாலிங்கம் எப்படி இருப்பாரோ, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்பாரோ என்னவோ. எல்லாரும் எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற, யாரும் நின்று படிக்காத அந்த முதல் வரியைத்தான் அவரும் எழுதினார்: 'நலம். நலமறிய ஆவல்.' பிறகு பதினொரு அட்டைகளையும் டீச்சர் கையிலிருந்து வாங்கி, பின்கோடு பார்த்து ஊர்வாரியாக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, வலது கையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டுக்குப் போட்டுக் கொடுத்தார்.